மூச்சும் பார்வையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் ஓர் உரை வேண்டுமெனச் சங்கத்தினர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசலாம் என்று எங்களுக்குள் கலந்து பேசினோம். நீரிழிவு, குருதி அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றைப் பற்றி நீங்கள் பத்திரிகைகளில் நிறையவே வாசிக்கிறீர்கள். ஆகவே அதிகம் பேசப்படாத ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஒட்சிசனுக்கும் அக்குழந்தையின் கண்ணுக்கும் உள்ள தொடர்பே இன்றைய எமது பொருள்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. இன்று எம்மில் பலர் அம்மம்மாவாகவும் அப்பம்மாவாகவும் பெரியம்மாவாகவும் இருக்கிறோம். எமது குடும்பங்களில் ஏழாம், எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைகள் உயிர் பிழைத்து வளர்கிறார்கள். எங்கள் பாட்டிமார் காலத்தில் இது அரிது. எனவே இது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம். மற்றக் காரணம், இந்தப் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நாம் கற்ற ஒரு சின்னப் பாடம் இக்கதையின் நடுவில் இருக்கிறது. அது எதுவென்று பின்னர் சொல்கிறோம்.

முதலில் கண்ணைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை எம்மைப் போலச் சுவாசிப்பதில்லை. தொப்புள்கொடி வழியாக வரும் குருதியிலிருந்தே அது ஒட்சிசனைப் பெறுகிறது. நாம் காற்றைச் சுவாசித்துப் பெறும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. ஆனால் அது ஒரு குறைபாடு அன்று. அந்தக் குறைந்த அளவில் வளர்வதற்கென்றே கருவின் உறுப்புகள் அமைந்துள்ளன.

விழித்திரைக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுசெல்லும் குருதிக்கலன்கள் ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் கண்ணின் பின்புறத்தில், பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து முளைக்கின்றன. பந்தலில் கொடி படர்வதுபோல நாற்புறமும் மெல்லப் படர்கின்றன. மூக்குப் பக்க விளிம்பை 36 வாரமளவிலும் காதுப் பக்க விளிம்பை 40 வாரமளவிலும் சென்றடைகின்றன. அவற்றை முன்னே இழுத்துச் செல்வது ஒட்சிசன் பற்றாக்குறைதான். ஒட்சிசன் போதாத விழித்திரைப் பகுதி ஒரு புரதத்தைச் சுரந்து, ‘இங்கே வா’ என்று குருதிக்கலன்களை அழைக்கிறது. அந்த அழைப்பைப் பின்பற்றியே அவை வளர்கின்றன.

இப்போது ஒரு குழந்தை 28 வாரத்திலேயே பிறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குருதிக்கலன்கள் இன்னமும் விளிம்பை எட்டவில்லை. நுரையீரல் முதிராத அக்குழந்தைக்கு அளவுக்கு அதிகமாக ஒட்சிசன் கொடுத்தால், அழைப்பு நின்றுவிடும். வளர்ந்துகொண்டிருந்த கலன்கள் நின்ற இடத்திலேயே நின்று சுருங்கும். சில வாரங்களின் பின் விழித்திரை முதிர்ந்து, அதன் தேவை கூடும்போது அங்கே குருதிக்கலன்கள் இல்லை. அப்போது அழைப்பு பன்மடங்காக எழும். புதிய கலன்கள் ஒழுங்கின்றி, வலுவின்றி, கண்டபடி முளைக்கும். அவற்றிலிருந்து குருதி கசியும், தழும்பு உண்டாகும், அத்தழும்பு சுருங்கி விழித்திரையையே அதன் இடத்திலிருந்து இழுத்துப் பிரித்துவிடும். இந்த இரண்டு கட்டங்களையும் 1950களில் இலண்டனில் நோர்மன் அஷ்டன் பூனைக்குட்டிகளின் கண்களில் காட்டினார். பிறந்த பூனைக்குட்டியின் விழித்திரையும் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் போலவே முதிராதது.

இன்று இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இதை அறிவதற்கு முன் உலகம் கொடுத்த விலை பெரிது.

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தியடோர் டெரி என்ற கண் வைத்தியர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்மையான நாரிழையம் படிந்திருப்பதை முதன்முதலாக விவரித்து எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் அது ஒரு கொள்ளைநோய் போலப் பரவியது. 1954ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர் என்பது மதிப்பீடு. 1950இல் ஆறு வாரம் முந்திப் பிறந்து, பின்னர் உலகப் புகழ்பெற்ற பாடகரான ஸ்டீவி வொண்டரும் அவர்களுள் ஒருவர்.

இந்நோயில் ஒரு விந்தை இருந்தது. வசதி குறைந்த வைத்தியசாலைகளில் இது குறைவாகவே காணப்பட்டது. புதிய இன்கியூபேற்றர்களும் தேர்ந்த தாதியரும் தாராளமான நிதியும் இருந்த இடங்களிலேயே அதிகம் காணப்பட்டது. எங்கே குழந்தைகள் மிகுந்த அக்கறையோடு பராமரிக்கப்பட்டார்களோ அங்கேதான் கண்கள் போயின. ஏனென்று எவருக்கும் விளங்கவில்லை. விற்றமின், இரும்புச் சத்து, பசுப்பால், வெளிச்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகித்தார்கள். ஒட்சிசனை எவரும் சந்தேகிக்கத் துணியவில்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்கு உயிர்க்காற்றைக் கொடுப்பதில் என்ன தவறு இருக்க முடியும்?

அந்த நிலையில் சந்தேகத்தை வெளிப்படையாக எழுப்பியவர்களுள் இரண்டு பெண் வைத்தியர்கள் முன்னிற்கிறார்கள். பெண்கள் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு விழாவில் அவர்களின் பெயர்களைச் சொல்வதில் எங்களுக்கு மகிழ்ச்சி. 

ஒருவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரைச் சேர்ந்த கேற் கம்பல். புலமைப்பரிசில் பெற்று அந்நகரின் மெதடிஸ்த மகளிர் கல்லூரியில் படித்த மாணவி அவர். மெல்பேணின் மூன்று நிலையங்களில் பராமரிக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒட்சிசன் தாராளமாகக் கொடுக்கப்பட்ட இடத்தில் நோய் அதிகம். ஒட்சிசனுக்குரிய செலவைப் பெற்றோரே ஏற்க வேண்டியிருந்ததால், தேவைப்பட்டபோது மாத்திரம் கொடுக்கப்பட்ட இடத்தில் நோய் குறைவு. 1951இல் அதை அவர் எழுதி வெளியிட்டார். உங்களில் மெல்பேணில் வாழ்கின்றவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

மற்றவர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த மேரி குரொஸ். 1931இலேயே குறைமாதக் குழந்தைகளுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியவர். 1948இல் தேசிய சுகாதார சேவை வந்து, புதிய கருவிகளுக்குப் பணம் கிடைத்து, ஒட்சிசன் பயன்பாடு பெருகிய பின்னரே தமது நகரில் இந்நோய் தலைதூக்கியதை அவர் கவனித்தார். இவ்விருவரும் ஆண்டுக்கணக்காகத் தம் கையால் குழந்தைகளைப் பராமரித்தவர்கள். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்களால் ஒப்பிட முடிந்தது.

ஆனாலும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. இங்கேதான் எமது ஆய்வுகூடப் பாடம் வருகிறது.

ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவை என்பதைக் காட்ட, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, மறுபகுதியைத் திறந்து வைத்து, பின்னர் அயடீன் சேர்த்து நாம் பரிசோதித்தது நினைவிருக்கிறதா? மூடாத பகுதி எதற்கு என்று ஆசிரியை கேட்பார். ‘கட்டுப்பாடு’ என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். ஒப்பிடுவதற்கு ஒன்று இல்லாவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதே அந்தப் பாடம். இலைக்கு அது எளிது. நோயுற்ற குழந்தைக்கு அதைச் செய்யத்தான் மனம் வராது.

நியூயோர்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை வைத்தியர் அதை எதிர்கொண்டார். நோயின் ஆரம்ப அறிகுறி தெரிந்த 31 குழந்தைகளுக்கு அவரது குழுவினர் ஏ.சி.ரி.எச். என்ற ஓமோனைக் கொடுத்தனர். 25 குழந்தைகள் நல்ல பார்வையுடன் வீடு சென்றனர். அந்த ஓமோன் கொடுக்கப்படாத இன்னொரு வைத்தியசாலையில் ஏழு குழந்தைகளில் ஆறு பேர் பார்வை இழந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று எவரும் சொல்லியிருப்பர். சில்வர்மன் சொல்லவில்லை. ஒரே வைத்தியசாலையில், எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு இல்லை என்பதைத் திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற முறையில் தீர்மானித்து மீண்டும் பரிசோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். மருந்து பெறாதவர்களிலோ ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்களும் அதிகம். ஆரம்ப நிலையில் உள்ள நோய் பெரும்பாலான குழந்தைகளில் தானாகவே மாறிவிடும் என்பது பின்னர்தான் விளங்கியது. மருந்து குணப்படுத்தியது என்று எண்ணியதெல்லாம் இயற்கை குணப்படுத்தியதே.

அதே காலத்தில் வாஷிங்டனில் ஆர்னல் பற்ஸ் என்ற இளம் கண் வைத்தியர் ஒட்சிசனையே பரிசோதித்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழமைபோல நிறையவும், மறுபகுதியினருக்குத் தேவைக்கு மாத்திரமும் கொடுத்தார். குறைவாகக் கொடுப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாத தாதியர் சிலர் இரவில் ஒட்சிசனைக் கூட்டிவைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தாதியரைப் பார்த்து நாம் சிரிக்கக்கூடாது. நள்ளிரவில் 1000 கிராம் எடையுள்ள ஒரு குழந்தையின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கை எப்படி நீண்டது என்பது தெரியும். அன்பினால்தான் நீண்டது. அன்பு மாத்திரம் போதாது என்பதே இக்கதையின் கசப்பு.

இறுதியில் 1953, 1954ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் ஒன்றிணைந்து எவரெற் கின்சியின் தலைமையில் பெரியதொரு ஆய்வை நடத்தின. 1500 கிராமும் அதற்குக் குறைவுமான எடையுடன் பிறந்த 786 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். கேள்விக்கு இடமின்றி விடை வந்தது. ஒட்சிசனை அதிகமாக, நீண்ட நாட்கள் கொடுப்பதே காரணம். 

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை.

அந்த ஆய்வில் குழந்தைகள் பிறந்து 48 மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே சேர்க்கப்பட்டனர். முதல் இரண்டு நாட்களில் இறந்த குழந்தைகள் கணக்கில் வரவில்லை. குறைமாதக் குழந்தைக்கு மிக ஆபத்தானவை அந்த இரண்டு நாட்கள்தான். இதை மறந்து, முடிவை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒட்சிசன் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை உலகெங்கும் பிறந்த கணத்திலிருந்தே பின்பற்றத் தொடங்கினர். கண்நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நுரையீரல் முதிராத குழந்தைகள் ஒட்சிசன் போதாமல் இறந்தனர். 1973இல் இங்கிலாந்தில் கென்னத் குரொஸ் என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டார். ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என்பது அவரது மதிப்பீடு.

முதலில் அளவின்றிக் கொடுத்தோம். பின்னர் அளவின்றி மறுத்தோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. குழந்தையின் குருதியில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்பதை அறிய எளிய வழி இருக்கவில்லை. 1974இல் ஜப்பானில் தக்குவோ அஓயாகி கண்டறிந்த தத்துவத்தில் பிறந்த பல்ஸ் ஒக்சிமீற்றரை இன்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கொரோனாக் காலத்தில் பலர் வீட்டிலேயே விரலில் மாட்டிப் பார்த்தீர்கள். அதே கருவியின் சிறிய வடிவம் 1980களிலிருந்து குறைமாதக் குழந்தையின் பாதத்தில் சுற்றப்படுகிறது. காற்றையும் ஒட்சிசனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து கொடுக்கும் கருவியும் வந்தது. அதன் பின்பே அளந்து கொடுப்பது சாத்தியமானது.

எந்த அளவு சரியானது? 28 வாரத்துக்கு முன் பிறந்த 4965 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து ஆய்வுகளின் தொகுப்பு 2018இல் வெளியானது. குருதி ஒட்சிசன் நிறைவை 85க்கும் 89க்கும் இடையில் வைத்த குழந்தைகளில் 19.9 சதவீதத்தினர் இறந்தனர். 91க்கும் 95க்கும் இடையில் வைத்தவர்களில் இறந்தவர்கள் 17.1 சதவீதம். கண்ணுக்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்களோ குறைந்த அளவில் 10.9 சதவீதம், கூடிய அளவில் 14.9 சதவீதம். அதாவது பார்வைக்கும் உயிருக்கும் இடையிலான இழுபறி இன்றும் முற்றாகத் தீரவில்லை. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் இன்று 90க்கும் 95க்கும் இடையில் வைத்திருக்க முயல்கிறார்கள். அந்த இயந்திரம் இரவு பகலாக ஒலியெழுப்பும்போது அதற்கு ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று பார்க்கும் தாதிதான் அந்தக் குழந்தையின் கண்ணைக் காக்கிறார்.

உயிரைக் காக்கும் அளவு ஒட்சிசன் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் கண்நோய் வரத்தான் செய்யும். ஆகவே அடுத்த காவல், நேரத்தோடு கண்ணைப் பரிசோதிப்பது. 2010ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையை முற்றாகவோ பெருமளவிலோ இழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் வசதி புதிதாக வந்து, ஒட்சிசனை அளக்கும் வசதியும் கண்ணைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் அதற்கு ஈடாக வளராத நடுத்தர வருமான நாடுகளே இன்று பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

இனி, குடும்பத்தினராக நாம் அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இந்நோய் வெளியில் தெரியாது. குழந்தையின் கண் அழகாகவே இருக்கும், பால் குடிக்கும், எடை கூடும். கண்மணியில் வெண்மை தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே தாய் பார்த்தோ பாட்டி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டு, பயிற்சி பெற்ற கண் வைத்தியர் உள்ளே பார்க்க வேண்டும். குழந்தை சில நிமிடங்கள் அழும். அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள்.

யாருக்குப் பரிசோதனை தேவை என்பது நாட்டுக்கு நாடு சிறிது மாறும். அமெரிக்காவில் 1500 கிராம் அல்லது 30 வாரம் என்பது எல்லை. இந்தியாவில் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதால் 2000 கிராமுக்குக் குறைந்தவர்களையும் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் பார்க்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. குறைமாதக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளில், ‘பிள்ளையின் விழித்திரையைப் பார்த்தாயிற்றா? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?’ என்று கேளுங்கள். திகதியைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதற் பரிசோதனை பொதுவாகப் பிறந்து நான்கு வாரமளவில் வரும். எமது பண்பாட்டில் இது ஒரு சிக்கலான நேரம். 31ஆம் நாள் துடக்குக் கழியும் முன் தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பப் பெரியவர்கள் தயங்குவார்கள். கண்ணூறு, காற்று, குளிர் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் பாசத்தினால் வருவது என்பதை நாம் அறிவோம். ஆனால் இந்த நோய் துடக்குக் கழியும்வரை காத்திருக்காது. சிகிச்சை வேண்டுமென்று முடிவாகிவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஆகவே இங்கிருக்கும் அம்மம்மாமார் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும். ‘போகாதே’ என்று மறிக்கும் குரலாக இல்லாமல், ‘நான் வருகிறேன், வா பிள்ளை, போவோம்’ என்று கூட்டிச் செல்லும் குரலாக நீங்கள் இருங்கள்.

ஒருமுறை பார்த்ததும் நின்றுவிடவும் கூடாது. குருதிக்கலன்கள் விளிம்பை எட்டிவிட்டன என்று வைத்தியர் சொல்லும்வரை ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் இலேசாக வந்து தானாகவே மாறிவிடும் என்பதை மீண்டும் சொல்கிறோம். மாறாதவர்களுக்கு லேசர் சிகிச்சை உண்டு. அந்த ‘இங்கே வா’ என்ற அழைப்பை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறையும் உண்டு. நேரத்தோடு செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரக்கூடும் என்பதால் பாடசாலை செல்லும் வயதுவரையும் கண்ணைக் காட்டுவது நல்லது.

தங்கைமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் வைத்தியராவீர்கள், சிலர் தாதியராவீர்கள், சிலர் கணக்காளராகவும் ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் வருவீர்கள். எந்தத் துறையிலும் நல்ல மனத்துடன் செய்யப்படும் காரியங்கள் நிறைய நடக்கும். நல்ல மனத்தைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் ‘எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்? எவ்வளவு என்று அளந்தோமா? கணக்கில் வராமல் போனவர் யார்?’ என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் விடை கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள். கேற் கம்பலும் மேரி குரொஸும் கேட்டது இதைத்தான். இந்தப் பாடசாலை நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான் என்று நாங்கள் நம்புகிறோம்.